உன் மகள் இப்போது குளிக்கிறாள், அக்கா

என் அன்னமக்காவுக்கு,

காதுக்குள் சொல்ல வேண்டிய சங்கதி. காது இல்லாதபடியால் தாளில் சொல்கிறேன். உன் மகளுக்கு அக்குள் மணக்கத் தொடங்கிவிட்டது. சிரிக்காதே. பதினொரு வயது நடக்கிறது, என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், மூக்கோரம் பருவும் போட்டிருக்கிறாள். வளர்கிற எந்தப் பிள்ளைக்கும் வருகிற வேர்வை மணம்தான். ஆனால் உன் வெள்ளவத்தை வீட்டில் அது என்ன பாடுபடுத்தியது என்று உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

நீ போய் ஒரு வருடம், உன் ஆட்டைத் திவசத்துக்கென்று ஊரிலிருந்து மெயில் கோச்சி ஏறி வந்தேன். வாசலில் பெட்டியை வைத்த கையோடு உன் மகள் யோகத்தை அணைக்கப் போனேன். அவள் பின்னால் நகர்ந்து, தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாங்கோ சின்னம்மா" என்றாள். ஒரு வருடம் காணாத கூச்சம் என்று நினைத்தேன். இந்தச் சின்னம்மாவின் மடியில் ஏறி நித்திரை கொண்ட பிள்ளைக்கு என்ன கூச்சம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

திவசம் குறையில்லாமல் நடந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார், காகமும் வந்தது. அத்தானின் தமக்கை கொட்டாஞ்சேனையிலிருந்து ரிக்‌ஷா பிடித்து வந்தா. பந்தியில் யோகம் குனிந்து அவவுக்குத் தண்ணீர் வார்த்தாள். மனுசி சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்தா.

"உந்தப் பிள்ளையிலை என்ன மணம்? தாய் கிடந்த அறை மணம் மாதிரியெல்லே கிடக்கு."

எல்லாருக்கும் கேட்டது. யோகம் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். வேர்வைக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு உனக்கு எதற்கு என்று கேட்க என் வாய் உன்னியது. உன் திவசம் என்றபடியால் விழுங்கினேன். மனுசி அதோடு விட்டாவா? போகும்போது அத்தானைக் கூப்பிட்டு, "தம்பி, உவளைப் பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டி ஊருக்கு அனுப்பு. இங்கை நாலு பேர் கண்டு கதை கட்டினா, நாளைக்கு ஒருத்தனும் பெண் கேட்டு இந்த வாசலை மிதியான்" என்றா. அத்தான் "பாப்பம்" என்றார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

நம் ஆட்களை உனக்குத் தெரியும்தானே. நெஞ்சைத் தின்கிற அந்த வருத்தத்தின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. நீ இருமி இருமி எலும்பாய்ப் போனபோதும் ஊருக்குக் காய்ச்சல் என்றோம். பெயர் வெளியே போனால் பிள்ளையின் கலியாணம் குழம்பும் என்பது கவலை. அந்தப் பிள்ளைக்கும் அதே காய்ச்சல் கதையைத்தான் சொன்னோம். அவள் நம்பினாள் என்று நாங்களும் நம்பிக்கொண்டோம்.

அன்று பின்னேரம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அவள் எங்களோடு இருக்கவில்லை. குசினிப் படியில் தனியாக இருந்து, விளிம்பு உடைந்த ஒரு எனாமல் தட்டில் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தட்டிலும் பேணியிலும் தானே ஊற்றினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மற்றச் சாமான்களோடு சேராமல் யன்னல் திண்டில் கவிழ்த்தாள். அத்தானுக்கு அதில் பெருமை வேறு. "பாத்தியோ பாக்கியம், தாயில்லாப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு. தன்ரை கோப்பையை ஒருத்தரையும் தொட விடாள்" என்றார். உன் தட்டுக்கு நாங்கள் செய்த மாதிரி ஒன்றும் விடாமல் செய்தாள், அக்கா.

பிள்ளை குளிக்கிறாளா என்று கேட்டேன். அப்போதுதான் மற்றக் கூத்தும் வெளிவந்தது. தண்ணீர் பட்டால் நெஞ்சுச் சளி பிடிக்கும் என்ற பயத்தில் அத்தான் அவளைக் கிணற்றடிப் பக்கமே விடுவதில்லை. கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் துவாய் நனைத்து முகமும் கழுத்தும் கையும் துடைப்பதுதான் குளிப்பு. சட்டைக்குள் தடித்த பிளனல் பனியன், இரவிலும் கழற்றுவதில்லை. கடற்காற்றே வெந்து வருகிற இந்த ஊரில் பிளனல்!

"அத்தான், பிள்ளையை உயிரோடை அவிக்கிறீங்கள்."

"நீ பேசாமல் இரு. அன்னம் தலை முழுகின அண்டுதான் இருமல் துவங்கினது. என்ரை கண்ணாலை கண்டனான்."

"முழுகினதாலை ஆருக்கும் அது வாறேல்லை."

"அப்ப எதாலை வந்தது? நீ சொல்லு."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டைக் குடுத்திட்டன் பாக்கியம். இதையும் குடுக்க என்னாலை ஏலாது" என்றார். அதன் பிறகு அவரோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. கந்தோரில் பெரிய பெரிய பைல்களைக் கட்டி ஆள்கிற மனுசன், ஒரு பனியனை நம்பி இருந்திருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பம்பலப்பிட்டிக்குப் போய் வாசலில் நின்றேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உன் மகள் எல்லாருக்கும் பின்னால், புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து, இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தாள். கைக்கு ஏதும் நோவோ என்று கேட்டேன். இல்லை என்றாள். பஸ்ஸில் போவோம் என்றேன், வேண்டாம் என்றாள். கடற்கரைத் தண்டவாளத்து ஓரமாக நடந்தோம். நான் கிட்டப் போகப் போக அவள் கடல் பக்கம் ஒதுங்கினாள்.

"பள்ளிக்கூடத்திலை ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"வகுப்பிலை கடைசி வாங்கிலை இருக்கச் சொன்னவை. எனக்கும் அதுதான் விருப்பம்."

"என்னோடையும் ஏன் தள்ளி நடக்கிறாய்?"

"கிட்ட வராதேங்கோ சின்னம்மா. உங்களுக்கும் தொத்திப்போடும்."

"என்ன தொத்தும்?"

"அம்மாக்கு வந்தது. எனக்கும் வந்திட்டுது."

"ஆரடி உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மணக்குதுதானே. அம்மாவும் மணந்தவதானே, பிறகுதானே செத்தவ. அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம்."

யோசித்துப் பார். மாரி தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பிள்ளை, தான் சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே கணக்குப் பாடம் செய்திருக்கிறாள், தகப்பனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், தன் தட்டைத் தானே ஒதுக்கி வைத்திருக்கிறாள். அவளிடம் நாங்கள் உண்மையை மறைத்தோம். அதனால் அவளுக்குத் துப்பாகக் கிடைத்தது அந்த மணம் ஒன்றுதான். அதை வைத்துத் தன் சாவை முடிவு செய்துவிட்டாள். இதற்கு யாரைப் போய் அடிப்பது?

நேரே காலி வீதியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அத்தானையும் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். ஐயா குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டார், முதுகில் தட்டினார், இருமச் சொன்னார், திரும்பவும் கேட்டார். ஐயா எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பிள்ளை, உன்ரை நெஞ்சிலை ஒண்டுமில்லை. நீ வளருறாய், அதுதான் சங்கதி. வளருற பிள்ளைக்கு வேர்வை மணக்கும். எனக்கும் மணக்கும், அப்பாக்கும் மணக்கும். ஒவ்வொரு நாளும் குளிச்சா சரி."

யோகம் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அந்த இடத்திலேயே அவள் சட்டைக்குள்ளிருந்து பிளனலைக் கழற்றுவித்தேன். வீடு வரும்வரைக்கும் அத்தான் அதை மடித்துக் கையில் வைத்திருந்தார். எறியவும் மனமில்லை.

அடுத்த நாள் விடியக் கிணற்றடியில் சேலை கட்டி மறைத்து, குறுக்குக்கட்டுக் கட்டிவிட்டு, "கையைத் தூக்கு" என்றேன்.

"வெக்கமாக் கிடக்கு."

"உன்ரை பீத்துணி தோய்ச்ச கை இது. என்னட்டை என்ன வெக்கம்?"

தூக்கினாள். அக்குள் இரண்டும் தோல் உரிந்து சிவந்து கிடந்தன. ஒருவருக்கும் தெரியாமல் தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். எரியவில்லையா என்று கேட்டேன். எரிந்தது, ஆனால் மணம் கொஞ்ச நேரம் நின்றது என்றாள். புண் ஆறும்வரைக்கும் தேங்காய் எண்ணெய் மட்டும் தொட்டு வைத்தேன்.

ஆறிய பிறகு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தேன். வெள்ளைக்காரனின் யுத்தத்தால் நல்ல சவர்க்காரம் கிடைப்பதே அருமை, கிடைத்ததை வீணாக்காமல் வேண்டிய இடத்துக்கு முதலில் போடு என்றேன். விரலால் தேய்க்க வேண்டும், நகத்தால் அல்ல. வழுவழுப்புப் போகும்வரை கழுவ வேண்டும். ஈரம் நிற்காமல் ஒற்றி எடுத்த பிறகுதான் சட்டை. பள்ளிக்கூடம் போகுமுன் அத்தான் சவரம் செய்து தடவுகிற சீனக்காரக் கட்டியை நனைத்து ஒரு தடவல், அவ்வளவுதான், உரஞ்சக் கூடாது. நேற்றுப் போட்ட உள்சட்டையை இன்று போடக் கூடாது, சோடாத்தூள் போட்டு அவித்து வெயிலில் காயவிட வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு, "கொட்டாஞ்சேனை மாமியும் இப்பிடிச் செய்யிறவவோ?" என்றாள். "எங்கை செய்யிறது! தன்ரை மணத்தைத்தான் உன்னிலை மணக்குது எண்டு சொல்லிப்போட்டா" என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான்.

அத்தான் தமக்கைக்கு ஆள் அனுப்பி, பிள்ளை பள்ளிக்கூடத்தால் நிற்கமாட்டாள் என்று சொல்லிவிட்டார். மனுசி கோபித்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். யோகம் எங்களோடு ஒரே பாயில் இருந்து சாப்பிடுகிறாள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன், அக்கா. மணம் போன பிறகுதான் பிள்ளை அழத் தொடங்கினாள். நேற்றுப் பின்னேரம் சீப்பால் அவளுக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"சின்னம்மா, அம்மாவையும் இப்பிடி மேல் கழுவி விட்டிருந்தா மணம் போயிருக்குமோ?"

"கொஞ்சம் போயிருக்கும்."

"அப்ப நான் கிட்டப் போயிருப்பன்."

நான் சீப்பை நிறுத்திவிட்டேன்.

"கடைசியிலை ஒரு நாள் அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டவ. நான் போகேல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கதவடியிலை நிண்டனான். பிறகு ஓடிட்டன். அதுக்குத்தான் எனக்கும் அந்த மணம் வந்தது எண்டு நினைச்சனான்." என் பக்கம் திரும்பினாள். "நான் மூக்கைப் பொத்தினதை அம்மா கண்டவவோ?"

"இல்லையடி. கடைசி நாளுகளிலை அம்மாக்குக் கண் தெரியேல்லை. யன்னல் வெளிச்சத்தைப் பாத்துத்தான் கைகாட்டினவ. நீ நிண்டதே அவவுக்குத் தெரியாது."

"சத்தியமா?"

"நல்லூரான் அறிய."

முருகனை இழுத்துப் பொய்ச்சத்தியம் செய்தேன். எந்த நரகத்துக்கு அனுப்பினாலும் போகிறேன். அவள் தலையை என் மடியில் சாய்த்து, விக்கி விக்கி அழுது, அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

நீ கண்டாய், அக்கா. உன் தலைமாட்டில் நான் இருந்தேன். பிள்ளை ஓடிய பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "நான் அவ்வளவு மணக்கிறனோ, பாக்கியம்?" என்று கேட்டாய். நான் இல்லை என்றேன், நீ நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் பவுடர் பேணியைக் கேட்டாய். கை தூக்க ஏலாமல் என்னைக் கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் போடுவித்தாய், பிள்ளை வருவாள் என்று. பின்னேரம்வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். பிள்ளை வரவில்லை.

இதை அவள் என்னிடமிருந்து அறியமாட்டாள். எழுதி முடித்ததும் இந்தத் தாளை அடுப்பில் வைத்துவிடுவேன். ஊருக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. என்னைப்போல் கைம்பெண்ணை அங்கே ஆடும் மாடுமா தேடப்போகிறது? அவள் படிக்கும் வரைக்கும், பெரியபிள்ளையாகும்போதும், கலியாணத்தின்போதும் நான் பக்கத்தில் இருப்பேன். அவள் கிழவியாகி என்னைக் கேட்டாலும் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். நீ அவள் கனவில் வந்தால், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பாள். உனக்குக் கண் தெரியவில்லை என்று நீயும் சொல்லிவிடு.

உன் கூடப்பிறந்த இளையவள்,
யோகத்தின் சின்னம்மா