கிராணி ஐயாவின் மேசை விரிப்பு

ஆவணி 2, திங்கள்

நல்ல வெயில். காற்று இல்லை. இவ்வளவு வெயில் அடித்தும் வெள்ளைத் துணி சிவப்பாகக் காய்கிறது. திடலுக்குப் பக்கத்தில் பத்துக் கடை வரிசை எழும்புகிறது அல்லவா, அந்தப் புண்ணியம். செங்கல் தூள், சுண்ணாம்பு, செம்மண். மூக்கைச் சிந்தினால் அதுவும் சிவப்பு. சீ.

சலவைப் பட்டியல் நோட்டில் பின்பக்கம் சும்மா கிடக்கிறது. மிஷன் பள்ளியில் மூன்று வருடம் படித்த எழுத்து எதற்காவது உதவட்டும். என் வீட்டுக்காரருக்கு எழுத்து வராது. அதனால் மனதில் உள்ளதை இங்கே கொட்டலாம்.

ஈப்போவில் எங்கள் தெரு இந்த வருடம் அடைந்த நாகரிகம்:
தட்டான் கடை போய் மோட்டார் டயர் கடை. நாள் முழுக்க ரப்பர் நாற்றம். முன்பு ரப்பர் தோட்டத்தில் பட்டது போதாதா?
சீனர் சவப்பெட்டிக் கடை போய் ஐஸ் கடை. மீந்த பலகையை இழைத்து மேசை ஆக்கியிருக்கிறார்கள். சனங்கள் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிவப்புத் தண்ணீர் குடிக்கிறார்கள்.
மாவு மில் இடித்தாகிவிட்டது. படக்கொட்டகை வருமாம்.
மூலையில் மூன்று மாடி ஓட்டல். மின்சார விளக்கு, நாற்காலி, கத்தி, முள்.

ஓட்டல் முதலாளி யார்? எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி சதாசிவம். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம். ரப்பர் விலை விழுந்தபோது பேரேட்டில் எங்கள் பேரை எல்லாம் கோடு போட்டு அடித்த கை. இப்போது காண்ட்ராக்டர். ஓட்டல் அவருடையது, கடை வரிசை அவருடையது, நாங்கள் துணி காயப்போடும் திடலும் போன மாதத்திலிருந்து அவருடையது. முதலாளி என்று கூப்பிட வேண்டுமாம். என் வாயில் கிராணி ஐயா என்றுதான் வருகிறது.

இந்தக் கட்டடத்தில் மனிதன் என்று சொல்லத்தக்கவன் வீரன் ஒருவன்தான். சாரத்தின் மேல் சுண்ணாம்புக் கூடை சுமக்கிறவன். அவனும் அதே தோட்டத்து ஆள். கூடையைக் கொட்டுவதற்கு முன் மேலே இருந்து "அக்கா, சுண்ணாம்பு!" என்று கத்துவான். நான் ஓடிப்போய் வெள்ளையைச் சுருட்டிக்கொள்வேன். தூசி அடங்கினதும் "போடலாம் அக்கா!"

ஆவணி 4, புதன்

ஓட்டல் மூட்டை வந்தது. பிரிக்கும்போதே குமட்டல்.
மேசை விரிப்பு 12. ஏழில் கறி எண்ணெய். இரண்டில் சாராயம். ஒன்றில் சுருட்டு பொசுக்கிய ஓட்டை.
கைத்துண்டு 40. வெற்றிலை எச்சில் 6. சப்பாத்து துடைத்தது 3. ஒன்றில் ஒரு பல் சுருட்டி வைத்திருந்தது. மனிதப் பல்!
சமையல்காரன் சட்டை 2. சொல்லாமல் விடுகிறேன்.

மின்சார வெளிச்சத்தில் உட்கார்ந்து தின்கிறவர்கள் இவ்வளவுதான். தோட்டத்து லயத்தில் தகரக் குவளையில் கஞ்சி குடித்தவன்கூட இப்படி மேலே கீழே சிந்தினதில்லை.

மத்தியானம் கிராணி வந்தார். கையில் நேற்று அனுப்பிய விரிப்பு.

"இங்க பாரும்மா. செம்மண்ணுப் புள்ளி. தொரைமாரு கை வைக்கிற மேசை இது. இதுக்குப் பேரு சலவையா?"

"உங்க கட்டடத்து மண்ணுதான், கிராணி ஐயா."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். "மொதலாளின்னு சொல்லு புள்ள."

கிராணி கேட்காத மாதிரி மேலே பேசினார். வரிசையில் பாதிக் கடை முடிந்ததாம். வருகிற செவ்வாய் திறப்பு, மத்தியானம் துரைமாருக்கு விருந்து. அதற்கென்று பினாங்கிலிருந்து ஒரே துண்டில் நீள விரிப்பு வரவழைத்திருக்கிறார். கத்தி படாத புதுசு.

"மொடமொடப்பு போக அலசி, பால் மாதிரி குடுங்க. அன்னைக்கி என் மானம் அதுலதான் இருக்கு. நல்லா அமைஞ்சா திடலை உங்களுக்கே விடறேன். இல்லாட்டி அங்க சரக்குக் கிட்டங்கி கட்டிருவேன்லா."

திடல் போனால் நாங்கள் போக வேண்டியதுதான். இந்த ஊரில் இனி வெயில் விழுகிற சும்மா இடம் எங்கே இருக்கிறது? இவர் பாதி ராத்திரி வரை புரண்டுகொண்டிருந்தார்.

ஆவணி 5, வியாழன்

காலையில் தூறல், பிறகு வெயில். பெரிய விரிப்பை அலசிப் போட்டேன். அழகான துணிதான், பொய் சொல்லக்கூடாது. நெசவிலேயே வெள்ளைப் பூ.

வீரன் வெந்நீருக்கு வந்தான். வெள்ளாவி அடுப்பில் எப்போதும் ஒரு சட்டி அவனுக்கு.

"தூசி என் கையால விழுதுன்னு என்னைத் திட்டாதீங்க அக்கா."

"உன்னை ஏன்டா திட்டறேன். உன் சட்டையைக் கழட்டிக் குடு, நாறுது."

சிரித்தான். நான் சேராங்கொட்டையில் ஊசியைக் குத்தித் துணி மூலையில் குறி வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. டாக்டர் வீட்டுக்கு மூன்று கோடு. ஓட்டலுக்கு வட்டம். துணி கிழிந்தாலும் குறி போகாது.

"நமக்கெல்லாம் குறி இருக்கா அக்கா?"

"வீடு இருக்கறவங்களுக்குத்தான் குறி."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவனுக்கு வீடு இல்லை, பெண்டாட்டி தோட்டத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். ஆனால் அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்புச் சாம்பலில் விரலால் ஒரு கோடு இழுத்து மேலே இரண்டு புள்ளி வைத்தான். "இது என்னுதா இருக்கட்டும். யாருக்கும் குடுத்துராதீங்க."

ஆவணி 7, சனி

வீரன் செத்துப்போனான்.

காலை ஒன்பது மணி இருக்கும். "அக்கா, சுண்ணாம்பு!" கேட்டது. துணியைச் சுருட்டினேன். "போடலாம்" வரவில்லை. மூங்கில் முறிகிற சத்தம் வந்தது. மூங்கில் இற்றுப்போயிருக்கிறது என்று நாலு நாளாக மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

மத்தியானம் கூட வேலை செய்யும் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். "அக்கா, பாடைக்கு மாத்து வேணும்." சாவு வீட்டுக்கு வெள்ளைத் துணி கொடுப்பது எங்கள் கடமை. ஊரில் என்றால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஆயிரம் பேச்சு. இங்கே கேட்டவருக்குக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் எங்கள் மாத்துச் சேலை இரண்டும் ஜெலாப்பாங்கில் ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறது. மற்ற வெள்ளை எல்லாம் வெள்ளாவிக்குள். காய்ந்து, தேய்த்து, மடித்து இருந்தது ஒன்றே ஒன்று.

இவருக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "வேணாம் புள்ள. திடல் போயிரும்."

"சாக்கைப் போட்டா தூக்கிட்டுப் போவாங்க அவனை?"

நான் பெரிய விரிப்பை எடுத்தேன். எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டின் குறி இல்லாமல் ஒரு மாத்தும் என் கையை விட்டுப் போனதில்லை. மூலையில் ஊசி குத்தினேன். ஒரு கோடு, இரண்டு புள்ளி. பிறகு இரண்டாய் மடித்து அவன்மேல் போட்டார்கள். நன்றாக இருந்தது.

கிராணி வரவில்லை. ஆள் வந்தான். செவ்வாய்க்குள் சாரத்தைச் சரி பண்ணச் சொன்னாராம். அவ்வளவுதான் சேதி. த்தூ.

ஆவணி 8, ஞாயிறு

புதைத்த இடத்திலிருந்து விரிப்பு திரும்பி வந்தது. கொஞ்சம் மஞ்சள். ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிய தடம். வேறு ஒரு கறையும் இல்லை.

இவர் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தானே துவைத்தார். என்னைத் தொடவிடவில்லை. மஞ்சள் போய்விட்டது. குறி போகவில்லை, அது எங்கே போகும்.

"வேற விரிப்பு வாங்கிக் குடுத்துருவமா?" என்றார்.

"இதே மாதிரி பினாங்குலதான் கெடைக்கும். நாளு இல்ல."

"குறி கிராணி கண்ணுல பட்டா?"

"பட்டாலும் படிக்கத் தெரியாது."

தைரியமாகச் சொல்லிவிட்டேன். சாவு மாத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொடுப்பது தப்புதான். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தால் காறித் துப்புவார்கள். இரண்டு தரம் வெள்ளாவி வைத்தோம். கஞ்சி, நீலம், இஸ்திரி.

ஆவணி 10, செவ்வாய்

வெயில். விருந்து நாள். விரிப்பை நானே தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்வாசல் வழியாக.

கிராணி தன் கையால் விரித்தார். உள்ளங்கையால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தடவினார். "பால், பாலேதான்" என்றார். குறி அவர் இடுப்புக்கு நேரே தொங்கியது. தலைமாட்டு நாற்காலி அவருக்கு.

சமையல்கட்டில் நின்று பார்த்தேன். துரைமார் ஏழு பேர், சீன முதலாளி தௌக்கேமார் மூன்று பேர், எல்லோர் வாயும் அசைந்தது. கிராணி கையில் கிண்ணத்தோடு எழுந்து, இந்தக் கட்டடம் ஒரு குறையும் இல்லாமல் எழும்பியது என்றார். தமிழிலும் ஒரு தரம் சொன்னார், எங்களுக்காக. வெளியே வந்துவிட்டேன்.

தெருவில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் இன்னொருவரிடம்: "ஒருத்தன் விழுந்தானாமே?" "அது பழைய கதை மச்சான்."

மூன்று நாள்தான் ஆகிறது.

ஆவணி 12, வியாழன்

மேகம். விருந்துத் துணி வந்தது.
பெரிய விரிப்பு 1. ஆட்டுக்கறிக் குழம்பு, நடு நெடுக. சிவப்புச் சாராயம், நாலு இடம். சுருட்டுச் சாம்பல், ஒரு ஓட்டை. மீசையைத் துடைத்த தடம். தலைமாட்டுப் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தித் துடைத்திருக்கிறார்கள்.

பிணத்தின்மேல் கிடந்தபோது சுத்தமாக இருந்த துணி.

புதிதாகச் சுண்ணாம்பு சுமக்கிறவன் சீனப் பையன். கத்துவதில்லை. காலையில் ஒரு கம்பித் துணி முழுக்க வீணாய்ப் போயிற்று. நானும் வாயில் வந்ததை எல்லாம் கத்தினேன். தமிழ் புரியாமல் விழித்தான்.

சாயங்காலம் கிராணி வந்தார். நல்ல சந்தோசம். துரைமார் மேசையைப் புகழ்ந்தார்களாம்.

"சொன்ன சொல்லு தவற மாட்டேன். திடல் ஒங்களுதுதான். நாளைக்கே எழுதிக் குடுக்கறேன்."

இவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டிருப்பேன். அப்போது கிராணி பலகைமேல் கிடந்த விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன? என் குறி வட்டம்தானே? இது யாரு குறி?"

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஊசி தவறிப் பட்டது என்று சொன்னால் போதும். பொய் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"வீரன் குறி, கிராணி ஐயா."

"எந்த வீரன்?"

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரிந்துகொண்டே கேட்டிருந்தால்கூட வாயை மூடியிருப்பேன்.

"உங்க சாரத்துலேர்ந்து விழுந்தவன். அவன் பாடைமேலதான் இது மொதல்ல கெடந்துச்சு. அப்புறந்தான் உங்க மேசைக்கு வந்துச்சு."

கையிலிருந்த துணியை உதறினார். உதட்டைத் துடைத்தார், கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி உதட்டை. சாக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்தார். ஓட்டல் முதலாளி, எங்கள் சாக்கடையில், குனிந்துகொண்டு. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. போகும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை. விருந்துக்கு வந்தவர்களிடம் சொல்ல மாட்டார். சொன்னால் ஓட்டல் என்னாவது.

இவர் சோறு தொடவில்லை. திட்டவும் இல்லை. கடைசியில், "சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். ஆமாம், இருந்திருக்கலாம்.

ஆவணி 14, சனி

நல்ல வெயில். திடலில் முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். கிட்டங்கிதான். எங்களுக்கு மாசக் கடைசி வரை. ஆயர் தாவாரில் இவருடைய அக்கா வீடு, அங்கே போவதாகப் பேச்சு. அங்கேயும் யார் என்ன கட்டுகிறார்களோ.

ஓட்டலிலிருந்து ஆள் வந்தான். இனி துணி வராதாம். பெரிய விரிப்பை எரித்துவிட வேண்டுமாம், அவன் கண் முன்னால். துவைத்து எரிப்பதுதான் எங்கள் முறை என்றேன். அப்படி ஒரு முறை கிடையாது. நம்பிப் போய்விட்டான்.

சாராயக் கறைக்கு உப்பு. எண்ணெய்க்குச் சோடா. ஆட்டுக்கொழுப்புக்கு இரண்டு வெள்ளாவி. ஓட்டையை என்ன செய்வது, தைத்தேன். வேறு துணியே இல்லாத திடலில் அது ஒன்று மட்டும் முழு நீளத்துக்குக் காய்கிறது. வீரன் சாகிறவரை அவன் பேரில் ஒரு துணியும் இந்தக் கம்பியில் காய்ந்ததில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்து சத்தம். அந்தச் சீனப் பையன், கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கொட்டாமல், என்னைப் பார்த்து, "டோபி! காப்பூர்! காப்பூர்!" சுண்ணாம்புதான், மலாயில்.

நோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.