பொத்தானை அணைத்துவிட்டேன், அப்பா

இனாரி, பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

நேற்று கலைமான் வளர்க்கும் இர்யா அம்மாளுக்கு இன்சுலின் போடப் போனபோது, அவர் வீட்டு வாசலிலேயே கார் முட்டளவு பனியில் புதைந்துவிட்டது. பயப்படாதீர்கள். சக்கரம் சறுக்கும்போதெல்லாம் கார் தானாகவே எஞ்சின் வேகத்தை அடக்கிவிட்டது, நகரவே இல்லை.

"ஏம்மா நர்ஸு, என் மானைப் பூட்டி இழுக்கட்டுமா?" என்று ஜன்னலிலிருந்து கத்தினார்.

ரோஷம் வந்துவிட்டது. தொடவே கூடாது என்று நீங்கள் சொன்ன அந்தச் சறுக்கல் தடுப்புப் பொத்தானை அணைத்தேன். முன்னும் பின்னுமாக ஆட்டியதும், சக்கரம் தடையில்லாமல் சுழன்று, பனியை வாரி இறைத்துக்கொண்டு கார் வெளியே வந்தது. உடனே பொத்தானை மறுபடி போட்டுவிட்டேன். ஊசியும் நேரத்துக்குப் போட்டாயிற்று.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். போனில் டயரை மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். டயர் நன்றாகத்தான் இருக்கிறது. என்னையும் விசாரியுங்கள்.

அவசரமாக,
தூலிக்கி