மஞ்சள் பியோனியின் பாதி வேர்

என்னங்க, தங்கை வீட்டுக்குப் போகிறேன். ஆட்டுச் சூப் அடுப்பில் இருக்கிறது.

என் மஞ்சள் கலப்பினப் பியோனிப் பூச்செடியை யாரோ தோண்டியிருக்கிறார்கள். வேரில் பாதியைக் காணோம். உங்கள் செருப்பில் அதே மண். எதிர்வீட்டு ஃபெங் நேற்று, "உங்க வீட்டுக்காரருக்கு ராசியான கை" என்று சிரித்தாள். ஏன் சிரித்தாள்? பன்னிரண்டு வருடம் நான் வளர்த்த செடி அவள் முற்றத்தில் முளைத்தால் நான் இங்கே இருக்கமாட்டேன். மீதி வேருக்கு நிறையத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அழுகிவிடும்.

பின்குறிப்பு: கிளம்பும்போது வீட்டுப் போன் அடித்தது. ஹார்பின் நகரத்திலிருந்து நம் மகள் லான்யிங். தன் கல்யாணத்தில் வந்த சண்டைக்குப் பிறகு என்னோடு பேசாதவள், எடுத்தது நீங்கள் என்று நினைத்து, "நீங்க அனுப்பின வேர் வந்துடுச்சுப்பா. எவ்வளவு ஆழத்துல வைக்கணும்?" என்றாள்.

"முளைக்கு மேல ரெண்டு விரல் மண்ணு போதும். ஆழமா வச்சா பூக்காது" என்றேன்.

என் குரலை அடையாளம் கண்டு, "எப்பம்மா பூக்கும்?" என்றாள்.

"மூணு வருஷமாகும். அதுவரைக்கும் என்னால காத்திருக்க முடியாது."

தங்கை வீட்டுக்குப் போகவில்லை. ரயில் டிக்கெட் எடுக்கப் போகிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.