தாயின் தொழில்

நாவற்குடா
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள மகள் சுஜீவாவுக்கு, வின்சன்ற் பெரியப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் வீட்டுப் பூனையும் சுகம், ஒஸ்லோக் குளிரில் நீயும் மூக்கு ஒழுகாமல் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போனிலும் கதைக்கலாம்தான், ஆனால் போனில் நீ இடைக்கிட "சும்மா புளுகாதீங்க பெரியப்பா" என்று மறிப்பாய், கடிதத்தில் மறிக்க ஏலாது.

மார்கழி வெள்ளத்தில் உன் அம்மாவின் வலை அடிபட்டுப் போனது தெரியும்தானே. மீனவர் சங்கத்து அட்டை உள்ளவர்களுக்குப் புது வலை கொடுப்பதாக அறிவித்தார்கள். அட்டை உன் அப்பாவின் பெயரில் இருந்தது, அவர் மோட்சம் போனதோடு அதுவும் போயிற்று. இருபது வருஷமாக வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் உன் அம்மா றீற்றா, சங்கத்துக்கு யாருமில்லை. வலை கிடைக்காவிட்டால் இனிக் காலம் முழுக்க வேறொருவன் தோணியில் கூலிதான். அப்போது செயலாளர் நான். எட்டாம் வகுப்போடு நின்றாலும் இந்தக் கரையில் படிவம் நிரப்ப என்னை விட்டால் ஆளில்லை, அரசாங்கக் கச்சேரியிலிருந்தே என்னிடம் கேட்டு வருவார்கள். சரி, ஒருவர்தான் வந்தார், அதுவும் பாதை கேட்டு, ஆனாலும் என்னிடம்தானே கேட்டார். உன் அம்மாவை முன்னால் நிறுத்தி அட்டைக்கான விண்ணப்பத்தை முத்து முத்தாக எழுதி வந்தேன். பெயர், வயது, விலாசம். தொழில் என்ற கட்டம் வந்ததும் கை தன்பாட்டில் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டது. பெண்களுக்கு அப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம். வலை போன பிறகு வெறுங்கையால் சேற்றில் தடவி இறால் பிடித்துவிட்டு, உடுப்பு சொட்டச் சொட்டக் கரையேறி வந்து நின்றவள் எட்டிப் பார்த்தாள். "அப்ப நேத்து ரெண்டு கோப்பை சோத்தோட நீங்க திண்டது ஒண்டுமில்லாத குழம்போ அத்தான்?" என்று கேட்டாள். மகள், பெரிய மனிதர்களும் சிலவேளை பிழை விட்டுத் திருத்துவார்கள். வெட்டிவிட்டு "மீனவர்" என்று எழுதினேன். பிறகு சங்கத்துக் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினால் என் அழகான கையெழுத்திலேயே இன்னும் பதினொரு பெண்கள், பதினொரு "ஒன்றுமில்லை". அத்தனை பேரும் தினமும் தண்ணீரில் நிற்கிறவர்கள்.

கூட்டத்தில் நான் எழும்பி ஒரு மணித்தியாலம் முழங்கினேன், அக்கரையில் வவுணதீவு வயல் வட்டையில் நாற்று நட்டவர்களும் நிமிர்ந்து பார்த்தார்களாம். ஆனாலும் தலைவர் அருளப்பு அசையவில்லை. "பொம்புளையளச் சேத்தா சங்கத்துக்குப் பேரெல்லாம் மாத்தணுமே" என்றார். உன் அம்மா பின் வரிசை வாங்கிலிருந்து எழும்பி, "வாசல் பலகையில மீனவர் எண்டுதானே கிடக்கு, மீனவன் எண்டு இல்லையே அண்ணன்" என்றாள். அருளப்பு வெளியே போய்ப் பலகையை வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அந்த ஒரு வசனத்துக்கு அத்திவாரம் போட்டது என் பேச்சு என்பதை நீ மறக்கக்கூடாது. பன்னிரண்டு பேருக்கும் அட்டை வந்துவிட்டது, புது வலையும் வந்தது. உன் அம்மா அட்டையைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் வாவியில் இறங்குகிறாள், மீன்கள் அட்டை கேட்குமோ என்று நான் பகிடி பண்ணினேன். உலகம் முழுக்கப் பெண்கள் செய்யும் வேலையை வேலையென்று எழுதாமல் விடுவதால்தான் அவர்கள் வறுமையில் கிடக்கிறார்கள் என்று நீ ஒருதரம் சொன்னாய். அது வேறெங்கோ தூர தேசத்துக் கதையாக்கும் என்றேன். இல்லை மகள், அது என் பேனைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, மாதாவின் காவல் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ கம்பசுக்கு விண்ணப்பித்தபோதும் படிவம் நிரப்பியது நான்தான், தாயின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பேன் என்று உனக்கே விளங்கும். அங்கே எந்தப் படிவத்திலாவது அந்தக் கட்டம் வந்தால் பெரிய எழுத்தில் மீனவர் என்று எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் பெரியப்பா
வின்சன்ற்
உதவிச் செயலாளர், மீனவர் சங்கம்
(போன கூட்டத்திலிருந்து. செயலாளர் யாரென்று உன் அம்மாவிடமே கேள்.)