அடுப்பில் எரிவது உமியா?

நிந்தவூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். நம் மகள் ஆகிலாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் தம்பி அஸ்ஹரின் மச்சினன் அங்கே உங்கள் அறையில்தானே இருக்கிறார். நான் தும்மினாலும் அது தோஹா போய்த் திரும்பி இங்கே வந்துவிடுகிறது. அதனால் லீவு முடிந்து வரும் முஹ்ஸின் நானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உறை பிரிந்திருந்தால் சொல்லுங்கள்.

போன கிழமை காரைதீவிலிருந்து கிசோக் என்று படித்த ஒருவர் நம் நெல் மில்லுக்கு வந்தார். நம் அரிசியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனி அனுப்பியதாம். விதை நெல் தொடங்கி, சோறாகி, வெறும் பை குப்பைக்குப் போகும் வரை நம் அரிசியால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் என்ன கேடு என்று பார்க்கிறார்களாம். யார் நம்புவது? எத்தனை தரம் உழுகிறார்கள், லொறி எவ்வளவு தூரம் ஓடுகிறது, நெல் அவிக்க எவ்வளவு தண்ணீர் என்று துருவித் துருவிக் கேட்டார். வரிக் கந்தோர் ஆளாகத்தான் இருக்கும், எதைக் கேட்டாலும் பாதியாகச் சொல்லுங்க என்று மில்லை நடத்தும் அஸ்ஹர் எல்லோருக்கும் உத்தரவு போட்டார். நானும் தண்ணீர்க் கணக்கைப் பாதியாக்கிச் சொன்னேன்.

ஆனால் நாம் எதையும் வீணாக்குவதில்லை என்று காட்டும் பெருமையில், மில் உமி முழுவதும் நாவிதன்வெளி செங்கல் சூளைக்குப் போகிறது என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, உமியெல்லாம் அங்க போனா இங்க நெல் அவிக்க என்னத்த எரிக்கிறீங்க அக்கா என்று கேட்டார். ஒரே மதிலுக்குள் இருந்துகொண்டு இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவேயில்லை.

இன்று ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரம் பார்த்து மில் அடுப்புக்குப் பின்னால் போனேன். உமிச் சாம்பல் கையில் பொடியாகும். இது தார் மாதிரி ஒட்டியது. கிளறினால் உள்ளே டயர்க் கம்பிகள் சுருள் சுருளாக. தகர வேலிக்கு அப்பால் பழைய டயர்கள் என் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன.

மச்சான், ஆகிலா நோன்பு காலத்திலிருந்து இருமுகிறாள். வீட்டுப் பக்கம் புகை உண்டா என்று டாக்டர் கேட்டபோது, உமிப் புகைதான், பழகியது என்று நான்தான் பெரிய ஆளாகப் பதில் சொன்னேன்.

தொழுது பள்ளிவாசலிலிருந்து வந்த அஸ்ஹரிடம் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தோஹாவில இருக்கிற என் நானாக்கிட்ட கேளுங்க மதினி, அவர் சொல்லாம நான் ஒரு சாமானும் எரிக்கிறதில்ல என்றார். தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்றுதான் நம்பப் பார்க்கிறேன். ஆனால் பிள்ளையை அட்டாளைச்சேனையில் சாச்சி வீட்டில் கொஞ்ச நாள் விட்டு வை என்று இரண்டு தரம் போனில் சொன்னீர்களே, அது ஏன்? அப்போது காரணம் கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை.

மில் நிற்பது என் சீதன வளவில். கேட் பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது. நாளை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மில்லைப் பூட்டப் போகிறேன். கிசோக்கைக் கூப்பிட்டு, பாதியாகச் சொன்னதையெல்லாம் முழுதாகச் சொல்வேன். கம்பனி போனால் போகட்டும்.

வெயில் நேரம் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் உங்களைக் காப்பானாக. பதிலை உங்கள் கையாலேயே எழுதுங்கள். நீளமாக வேண்டாம். உங்களுக்குத் தெரியாது என்று ஒரு வரி போதும். நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்மினா