இடப்பக்கம் பார்த்தவள்

மோர்டன்,
3 பெப்ரவரி 2024

அன்புள்ள யேசுரட்ணம் அண்ணைக்கு,

மலர் எழுதுவது. மூன்று முறை வெம்பிளிக்கு வந்து உங்கள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். உள்ளே லைட் எரிந்தது. தொண்டை ஒப்பரேஷனில் குரல்தானே போனது, கை இருக்கிறதுதானே? பதில் எழுதுங்கோ.

ஒரு புதினம், நல்ல செய்தி. எங்கள் ‘பின்கதவு’ நாடகம் படமாகிறது! ஹெல்ஸ்பி என்று ஒரு வெள்ளைக்கார இயக்குநர், எண்பதை நெருங்குகிறவர். வாழ்நாள் முழுக்க மேடை நாடகங்களையே படமாக்கியவர். முதல் படத்துக்கு விருது கிடைத்தது. பிறகு வந்ததையெல்லாம் ‘திரைச்சீலை மணக்கிறது’ என்று பத்திரிகைகள் கிழித்தனவாம். மனிதர் விடவில்லை. இதுதான் கடைசிப் படமாம். போன வருடம் மண்டபத்தில் ஒரு சொல்லும் விளங்காமல் எங்கள் நாடகத்தைப் பார்த்தவர், அதில் நான் நடித்த தாயாகப் படத்திலும் நான்தான் வேண்டும் என்று நிற்கிறார்.

எனக்குப் பயம். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்க நீங்கள் இல்லாமல் நான் ஒரு மேடையும் ஏறியதில்லை. வந்து சும்மா பக்கத்தில் நின்றாலும் போதும்.

அன்புடன்,
யோகமலர்

வெம்பிளி,
12 பெப்ரவரி 2024

அன்புள்ள மலருக்கு,

சந்தோசம். நன்றாக நடியும்.

குரல் இல்லாதவன் வந்து என்ன எடுத்துக்கொடுக்கிறது? படத்தில் மறந்தால் திருப்பி எடுப்பார்கள். என்னைப்போல ஆள் அங்கே தேவையில்லை. இனி வீணாக ட்ரெயின் ஏறி வந்து கதவு தட்ட வேண்டாம். கோபமில்லை, இப்படி இருந்து பழகிவிட்டது.

யேசுரட்ணம்

மோர்டன்,
20 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

வர வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லையே.

படப்பிடிப்பு முடிந்தது. கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கும். இருட்டில் வந்து நிற்கும் மகனுக்கு, பின்கதவைப் பூட்டாமல் காத்திருந்த தாய் சொல்வது ஒரேயொரு வசனம்: “வா ராசா, கதவு பூட்டேல்லை.” எத்தனை வருடம் சொன்ன வசனம்! அன்றைக்கு வாயில் வரவேயில்லை. பழக்கதோஷம், மேடையில் நீங்கள் வழமையாக நிற்கும் இடப்பக்கம் திரும்பி உங்களைத் தேடினேன். அங்கே லைட் ஸ்டாண்ட் ஒன்றுதான் நின்றது. பிறகு எப்படியோ வசனம் வந்தது, சொன்னேன்.

பிழை விட்டுவிட்டேன், திருப்பி எடுங்கோ என்று கெஞ்சினேன். ஹெல்ஸ்பி மறுத்துவிட்டார். யாரைப் பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன். “இத்தனை வருசமாய் மேடையைப் படத்துக்குள்ள கொண்டுவரப் பார்த்தன், இண்டைக்குத்தான் ஏலுமாயிருந்தது” என்று அவர் சொன்னதாக எங்கள் நாடகக் குழுவில் இருக்கும் சுஜீத் மொழிபெயர்த்தான். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

வீட்டில் எனக்கும் பேச ஆளில்லை, அண்ணை. நீங்கள் மட்டும் தனியாக இல்லை. இதற்கும் பதில் வராவிட்டால் இனி எழுதமாட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறது.

மலர்

வெம்பிளி,
22 ஜனவரி 2025

அன்புள்ள மலருக்கு,

இத்தனை மாதம் பேசாமல் இருந்ததற்கு வந்து ஆசைதீரத் திட்டும்.

இன்று பகல் காட்சிக்குப் போனேன். தியேட்டரில் ஆறேழு பேர்தான். நீர் இடப்பக்கம் திரும்பும் அந்தப் பார்வைதான் ஹெல்ஸ்பியின் படங்களிலேயே உச்சம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். தாய் மகனைத் தேடுகிறாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

நீர் திரும்பியதும் என்னை அறியாமல் எழும்பிவிட்டேன். வழக்கம்போல வாயசைத்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் திரையில் நீர் ஒரு சொல் பிசகாமல் சொன்னீர். பின்னால் இருந்த பெண் மறைக்கிறது என்று சொல்ல, திரும்பவும் இருக்கையில் அமர்ந்து அழுதேன்.

நீர் தட்டியபோதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். ‘ஆரது?’ என்று கேட்கக் குரல் இல்லாத வெட்கம்.

ஞாயிறு பின்னேரம் வாரும். தட்ட வேண்டாம். கதவு பூட்டேல்லை.

யேசுரட்ணம்