மாடத்தில் வைத்த தேன் அப்பம்

அலெக்சாந்திரியாவில் கரையிறங்கப் போகிறவருக்கு, கொரிந்துவிலிருந்து உங்கள் மனைவி எழுதுவது.

கப்பலேறும்போது, "நான் வர்ற வரைக்கும் கடல் சாமிக்கு தினம் தேன் அப்பம் வச்சிடு. உன் புது சாமியைப் பத்தி அப்புறம் சண்டை போட்டுக்கலாம்" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அப்பம் தினமும் சுடுகிறேன். ஆனால் சாமி மாடத்தில் வைப்பதில்லை. துறைமுகத்தில் பசித்துக் கிடப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். மண் பொம்மைக்குக் காது கேட்காது என்கிறார் எங்கள் போதகர்.

மகள் மிர்த்தோதான் விடவில்லை.

"உன் சாமிக்கு நீந்தத் தெரியுமாம்மா?"

"தண்ணி மேலயே நடந்தாருடி."

"அப்பா நடக்க மாட்டாரே!"

நேற்றைய புயலில் இரண்டு கப்பல்கள் மூழ்கிவிட்டதாகப் பேச்சு. எந்தக் கப்பல்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் ஆண்டவரிடம் தொண்டை வற்ற ஜெபித்தேன். பிறகு, மிர்த்தோ தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, சூடான அப்பத்தை மாடத்தில் வைத்தேன். கும்பிடவில்லை. "உனக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அவரு உன்னை நம்பித்தான் போயிருக்காரு. பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் சபையாரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். சீக்கிரம் வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

வாசலையே பார்த்திருக்கும்,
உங்கள் பிடிவாதக்காரி